நான் விட்ட பெயர்

மார்ச் 6, புதன்

தபசு காலமான லெந்து தொடங்கிவிட்டது. காலை ஆராதனைக்குப் போய்வந்தேன். நாற்பது நாளும் காபி குடிப்பதில்லை என்று எப்சியிடம் அறிவித்தேன். "போன வருஷமும் இதத்தான் சொன்னிய. பத்தாம் நாளே பிளாஸ்க்கத் திறந்தாச்சி" என்றாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடமாகியும் இவளுக்கு ஞாபகசக்தி மட்டும் குறையவே இல்லை.

கோயில் வாசல் பலகையில் பெரிய வெள்ளிக்கான பட்டியலை ஒட்டியிருந்தார்கள். அன்று பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை, சிலுவையில் ஆண்டவர் சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு பேர் ஆளுக்கொன்றாக எடுத்துப் பேசுவது எங்கள் சாந்தபுரம் சபையின் வழக்கம். நான்காம் வார்த்தை பத்தொன்பது வருடமாக என்னுடையது. ஏன் என்னைக் கைவிட்டீர் என்று பிதாவைக் கேட்கிற வார்த்தை. மற்ற ஆறு பேர் மாறுவார்கள், சபையை நடத்துகிற ஐயர்மார் மாறுவார்கள். நான்காவதற்கு நேரே மட்டும் 'அ. ஏசுவடியான், பத்திர எழுத்தர் (ஓய்வு)' என்று இருக்கும். இந்த வருடம் 'பிராங்கிளின்' என்று இருக்கிறது. இன்ஷியல்கூட இல்லை. வீடுகளுக்கு ஒயரிங் செய்கிற பிராங்கிளின். இரண்டு மாதமாகக் கோயில் பக்கமே வராதவன்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

மார்ச் 7, வியாழன்

வருத்தம் இல்லை என்று நேற்று எழுதினேன். இன்றும் அதேதான். பட்டியல் போட்ட தவசிங் ஐயர் என்னைக் கூப்பிட்டு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவ்வளவுதான்.

மார்ச் 9, சனி

தண்ணீர் லாரி வந்தது. எட்டுக் குடம் பிடித்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது.

நாளைய மன்றாட்டு ஜெபத்தை எழுதி முடித்தேன். ஆராதனையில் சபைக்காகவும் உலகத்துக்காகவும் மன்றாடுகிற பொறுப்பு பதினொரு வருடமாக என்னிடம் இருக்கிறது. நான் வாய்க்கு வந்ததைச் சொல்லி ஜெபிக்கிறவன் இல்லை. பத்திரம் எழுதுவதுபோல எழுதி, இரண்டு தடவை சரிபார்த்து, அதன்பின்தான் ஒலிபெருக்கி முன்னால் போவேன். முதலில் நாடு, பிறகு நோயாளிகள், பிறகு பேராயர், பிறகு நமது சேகரத்தின் குருவானவர் இம்மானுவேல் தவசிங் ஐயர், கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் இளைப்பாறுகிறவர்கள். இந்த வரிசை மாறாது.

தவசிங் ஐயர் இங்கே வந்து மூன்று வருடமாகிறது. நாற்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயில் வளாகத்துக் குருமனை வீட்டில் ஒற்றை ஆள். சத்தமாகப் பிரசங்கம் செய்யமாட்டார். வியாழக்கிழமை மதியம் எங்கள் வீட்டிலிருந்துதான் அவருக்குக் குழம்பு போகும்.

"பிராங்கிளினுக்கு என்ன தெரியுமின்னு நாலாம் வார்த்தையக் குடுத்தாவ?" என்று எப்சியிடம் கேட்டேன். "அவன் பொண்டாட்டி ஜாஸ்மின் ஜனவரியிலதான காய்ச்சல்ல போயிட்டா. கைப்பிள்ளைக்கு ஏழு மாசம்" என்றாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 10, ஞாயிறு

ஒன்று நடந்தது. தாளில் எழுதியிருந்ததைத்தான் வாசித்தேன். பேராயர் பெயர் வந்தது. அடுத்த வரியில் ஐயரின் பெயர் இருந்தது. கண்ணில் தெரிந்தது, வாயில் வரவில்லை. நேரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

ஒரு வரிதானே. ஆண்டவருக்குத் தெரியாத பெயரா அது.

மார்ச் 11, திங்கள்

தங்கப்பழம் தன் செங்கல் சூளைக்குப் போகிற வழியில் பைக்கை நிறுத்தி, கையைப் பிடித்துக் குலுக்கினான். "அண்ணாச்சி, நேத்து பேரச் சொல்லாமலே அடிச்சிட்டிய. ரெண்டாம் வரிசையில இருந்த எங்களுக்கு உடனே விளங்கிட்டு" என்றான். கோயிலின் புது வாசலில் அவன் அப்பா பெயரைப் பளிங்குக் கல்லில் பதிக்க ஐயர் சம்மதிக்கவில்லை. அதிலிருந்து அவனுக்கு ஐயர் மீது காய்ச்சல். "நீங்கதான் சபைக்கு மூத்தவிய. உங்களுக்கே இந்த மரியாதன்னா மத்தவன் கதி என்ன?" என்றும் கேட்டான்.

மறதியாக விட்டேன் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். டீ வாங்கிக் கொடுத்தான். குடித்தேன். லெந்தில் காபிதான் இல்லை, டீ உண்டு.

மார்ச் 17, ஞாயிறு

இந்த முறை தாளிலேயே எழுதவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் எப்சி, "ஐயா பேர விட்டுட்டியள" என்றாள். பார்த்துக்கொள்ளலாம் என்றேன். "போன வாரமும் விட்டிய" என்றாள். வெயில் அதிகமாக இருக்கிறது, குடையை விரி என்றேன்.

பத்திரத்தில் ஒரு வாரிசின் பெயர் விட்டுப்போனால் என்ன ஆகும் என்று முப்பத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். வீட்டில் அவன் பிள்ளைதான், ஊரறிய பிள்ளைதான். ஆனால் தாளில் பெயர் இல்லையென்றால் பங்கு இல்லை. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 21, வியாழன்

இன்று குழம்பு அனுப்பவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வயிறு சரியில்லை, தனியாக அவருக்கு மட்டும் எதற்குச் சமைப்பது என்றேன். எப்சி என்னைப் பார்த்தாள். பிறகு தானே தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"ஐயா மெலிஞ்சிட்டாவ. கதவத் திறக்கவே நேரமாச்சி. சும்மா நாக்காலியில இருந்திருப்பாவ போல, விளக்குகூடப் போடல" என்றாள்.

மார்ச் 23, சனி

தங்கப்பழமும் இன்னும் மூன்று பேரும் வந்தார்கள். பேராயருக்கு ஒரு மனு. கருத்து எல்லாம் அவர்களுடையது. மூத்தோரை மதிப்பதில்லை, கமிட்டியைக் கேட்காமல் ஒழுங்குகளை மாற்றுகிறார், சபையில் சமாதானம் இல்லை, ஆகவே மாற்றவேண்டும். மொழி படுமோசம். ஒருமை பன்மை இல்லை, ஒரே வாக்கியத்தில் மூன்று எழுவாய். மொழியை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

திருத்தும்போது முடிவு சப்பென்று இருந்தது. ஒரு மனுவுக்கு முடிவுதான் உயிர். ஆகவே நானே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'மேற்படி சேகரத்து மக்கள் மேற்படி குருவானவருக்காக ஜெபிக்கவும் மனமற்ற நிலைக்கு வந்துவிட்டபடியால், மேற்படியார் இங்கு நீடிப்பதில் பயனில்லை என்று தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' தங்கப்பழம் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டான். "அண்ணாச்சி, இது ஒண்ணு போதும்" என்றான்.

நான் கையெழுத்துப் போடவில்லை.

மார்ச் 26, செவ்வாய்

மனுவைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டார்களாம். பிளாஸ்க்கைத் திறந்து காபி குடித்தேன். எப்சி டம்ளரை எடுத்துக் கழுவினாள்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஐந்தாவது ஞாயிறு. இப்போது பழகிவிட்டது. முதலில் அந்த இடத்தில் ஒரு சின்னத் தடங்கல் இருந்தது, அதுவும் இல்லை.

ஏப்ரல் 9, செவ்வாய்

இதை எழுதவேண்டாம் என்றுதான் சாயங்காலம் முழுவதும் இருந்தேன்.

காலை பத்து மணிக்கு ஐயர் வீட்டுக்கு வந்தார். எப்சி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். மனுவைப் பற்றித் தெரிந்துதான் வந்திருக்கிறார் என்று எனக்கு வியர்த்துவிட்டது. அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. காபி கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுக்கக் கூடாது."

"கேளுங்க ஐயா."

"அஞ்சு ஞாயிறா மன்றாட்டுல என் பேரு வரல. நாலாம் வார்த்தைய மாத்துனதுல உங்களுக்கு வருத்தமோன்னு நெனச்சேன். முன்னாடியே வந்து சொல்லியிருக்கணும். எம்மேலதான் தப்பு."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஜாஸ்மினுக்காக ஆஸ்பத்திரியில பதினோரு நாள் ஜெபிச்சேன். பொழச்சிருவான்னு பிராங்கிளின்கிட்ட சொல்லிட்டேன். நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவள அடக்கம் பண்ணுன நாள்லேருந்து, தனியா முழங்கால் போட்டா எனக்கு ஒரு வார்த்தையும் வரல அண்ணாச்சி. கோயில்ல புஸ்தகத்தப் பாத்து வாசிச்சிருதேன். வீடுகள்ல போயி ஜெபிச்சிருதேன், பழக்கத்துல வந்திருது. எனக்குன்னு ஒண்ணும் வரல. ஞாயித்துக்கிழம நீங்க என் பேரச் சொல்லும்போது, சரி, எனக்காவ ஒரு ஆள் நின்னு கேக்காருன்னு இருக்கும். அத வச்சி அந்த வாரத்த ஓட்டிருவேன். இதக் கேக்க எனக்குக் கூச்சமாத்தான் இருக்கு. எம்மேல கோவம் இருந்தா இருக்கட்டும். பேர மட்டும் விட்ராதிய."

அப்போது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எதிரில் இருந்தவர் தன்னிடம் இருந்த வெட்கத்தையெல்லாம் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டார். நான் சொன்னது இதுதான்: "மறதி ஐயா. வயசாயிட்டுல்லா. வேற ஒண்ணுமில்ல."

அவர் முகம் தெளிந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அப்படியா. நான் என்னவெல்லாமோ நெனச்சிட்டேன்" என்று சிரித்தார். மிச்சக் காபியையும் குடித்தார். எழுந்திருக்கும்போது என் தோளைத் தொட்டு, "இடுப்பு வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார். என் இடுப்பு வலி அவருக்கு எப்படித் தெரியும்? எப்சி சொல்லியிருப்பாள்.

ஏப்ரல் 10, புதன்

சூளைக்குப் போனேன். மனுவைத் திரும்ப வாங்க முடியுமா என்று தங்கப்பழத்திடம் கேட்டேன். "அது போயிச் சேந்து ரெண்டு வாரமாச்சே அண்ணாச்சி. அதுவுமில்லாம அருமையா எழுதியிருக்கிய" என்றான்.

ஏப்ரல் 14, குருத்தோலை ஞாயிறு

நேற்றே எழுதினேன், தெளிவாக, பெரிய எழுத்தில்: எங்கள் குருவானவர் இம்மானுவேல் தவசிங் ஐயரை.

இன்று ஒலிபெருக்கி முன்னால் போனபோது தங்கப்பழமும் மற்றவர்களும் இரண்டாம் வரிசையில் இருந்தார்கள். எல்லோரும் கண்ணை மூடியிருக்க, அவன் மட்டும் திறந்த கண்ணோடு என்னைப் பார்த்தான். பேராயர் பெயரைச் சொன்னேன். பிறகு, "உமது ஊழியக்காரர் அனைவரையும்" என்றேன். அனைவரையும். அதில் எல்லோரும் அடக்கம்தானே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

ஐயர் பீடத்துப் பக்கம் முழங்காலில் இருந்தார். அந்த இடம் வந்ததும் தலையைச் சற்று நிமிர்த்தினார். காத்திருக்கிறார் என்று தெரிந்தது. நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனதும் தலையைத் திரும்பக் குனிந்துகொண்டார். இனிமேல் மறதி என்று அவரிடம் சொல்ல முடியாது.

ஏப்ரல் 17, புதன்

எப்சி மார்க்கெட்டிலிருந்து செய்தி கொண்டுவந்தாள். பேராயர் அலுவலகத்தில் ஐயரைக் கூப்பிட்டு மனுவைக் காட்டியிருக்கிறார்கள். அவர் எதிர்த்துப் பேசவில்லையாம். கடைசி வரியை வாசித்துவிட்டு, அது உண்மைதான் என்று சொல்லியிருக்கிறார். ஊழியத்திலிருந்தே விடுவிக்கும்படி அவராகவே எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போதைக்கு நீண்ட விடுப்பு. பெரிய வெள்ளி ஆராதனையை நடத்திவிட்டுச் சனிக்கிழமை கிளம்புகிறார். ஈஸ்டருக்குப் பக்கத்துச் சேகரத்திலிருந்து எட்வர்ட் ஐயர் பொறுப்பாக வருவார்.

பையிலிருந்த கத்தரிக்காயைத் தட்டில் கொட்டிக்கொண்டே எப்சி கேட்டாள்: "அந்த மனுவுல மேற்படி மேற்படின்னு இருந்துச்சாமே?"

உருண்டு விழுந்த ஒரு கத்தரிக்காயை எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"நான் வெடியக்காலம் எந்திரிச்சி அவியளுக்காவ ஜெபிப்பேன். தினம். நீங்க என்னைக்காவது வீட்டுல அவிய பேரச் சொல்லி முழங்கால் போட்டியளா?" என்று கேட்டாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

யோசித்துப் பார்த்தேன். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட இல்லை. ஒலிபெருக்கி இல்லாத இடத்தில் நான் அவருக்காக ஜெபித்ததே இல்லை.

ஏப்ரல் 19, பெரிய வெள்ளி

கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

நான்காம் வார்த்தைக்குப் பிராங்கிளின் வந்தான். பிள்ளையைத் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தான். வசனத்தைத் திக்கித் திக்கி வாசித்தான். பிறகு வேதாகமத்தை மூடினான்.

"எனக்குப் பேசத் தெரியாது. ஜாஸ்மின் போன அன்னைக்கி நானும் இதத்தான் கேட்டேன். எல்லாரும் வந்து என்னென்னவோ சமாதானம் சொன்னாவ. தவசிங் ஐயா மட்டும், எனக்கும் தெரியல பிராங்கிளின், நானும் அதையேதான் கேக்கேன்னு சொன்னாவ. தினம் வந்து எங்கூட ஒக்காந்திருப்பாவ. ஒண்ணும் பேசமாட்டாவ. இத நீயே கோயில்ல நின்னு கேட்டிருன்னு சொன்னாவ. அதான் வந்தேன்."

போய் உட்கார்ந்துவிட்டான். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. பத்தொன்பது வருடம் நான் அரை அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். எபிரேய மூலமெல்லாம் சொல்லியிருக்கிறேன். யாரும் அழுது நான் பார்த்ததில்லை. இன்று தங்கப்பழத்தின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

என்னுடைய வார்த்தை என்று எழுதியிருக்கிறேனே, மார்ச் ஆறாம் தேதிக் குறிப்பில். அந்தப் பக்கத்தைக் கிழிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும்.

ஏப்ரல் 20, சனி

காலை ஒன்பது மணிக்குக் குருமனைக்குப் போனேன். இரண்டு பெட்டி, ஒரு புத்தகக் கட்டு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். மூன்று வருடம் இருந்த வீட்டிலிருந்து எடுத்துப்போக அவ்வளவுதான் இருந்தது.

நின்றபடியே சொல்லிவிட்டேன். மறதி இல்லை ஐயா, வேணும்னே விட்டேன். மனுவின் மொழி என்னுடையது. கடைசி வரி முழுக்க என்னுடையது.

"தெரியும் அண்ணாச்சி. வாசிக்கும்போதே தெரிஞ்சிட்டு. இந்த ஊர்ல வேற யாரு மேற்படின்னு எழுதுவா" என்றார். கேலியாகத்தான் சொன்னார். அதற்கு அவரோடு சேர்ந்து சிரிக்க எனக்கு முகம் இல்லை. மன்னிக்கவேண்டும் என்றேன். "மன்னிச்சாச்சி" என்றார். பேராயரிடம் போய் நானே எல்லாவற்றையும் சொல்கிறேன் என்றேன்.

"வேண்டாம். மனுவுனால மட்டும் போகல. உள்ள ஒண்ணுமில்லாம எத்தன நாளு அங்கி போட்டுட்டு நிக்க முடியும். ஒண்ணு மட்டும் செய்யுங்க. இப்பம் எனக்காவ ஒரு ஜெபம் பண்ணுங்க."

இரண்டு பேரும் பெட்டிகளுக்கு நடுவில் முழங்காலிட்டோம். என் கையில் தாள் இல்லை. "ஆண்டவரே, தவசிங் ஐயரை" என்று தொடங்கினேன். அதற்குமேல் போகவில்லை. அவரை என்ன செய்யும்படி கேட்பது? அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு எதுவும் தெரியவில்லை. இத்தனை நாள் 'பலப்படுத்தி வழிநடத்தும்' என்று எழுதிவைத்து வாசித்திருக்கிறேன். அந்த இரண்டு சொல்லையும் அவர் பக்கத்தில் முழங்காலில் இருந்துகொண்டு சொல்ல வெட்கமாக இருந்தது. மறுபடியும் "தவசிங் ஐயரை" என்றேன். அழுகை வந்துவிட்டது. வாக்கியம் முடியவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்து அவர் "ஆமென்" என்றார்.

வெளியே வந்தபோது மனம் இலேசாகிவிட்டிருந்தது. எப்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மதியம் ரசமும் கூனி இறால் பொடித் துவையலும். பல நாளைக்குப் பிறகு ருசித்துச் சாப்பிட்டேன். கொஞ்சம் தூங்கினேன்.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

மன்றாட்டில் எட்வர்ட் ஐயரின் பெயரைச் சொன்னேன். அதன்பின் தவசிங் ஐயரின் பெயரைச் சொன்னேன். இரண்டாம் வரிசையைப் பார்க்கவில்லை. "ஆறு ஞாயிறு இந்தப் பெயரை நான் பகையால் விட்டேன், ஆண்டவரே. அவருக்கு எதிரான மனுவையும் நான்தான் எழுதினேன்" என்றேன். கோயிலில் ஒரு சத்தம் இல்லை. தங்கப்பழம் எழுந்து வெளியே போனது மட்டும் கேட்டது.

ஆராதனை முடிந்து வரும்போது வாசலில் ஒருவரும் என்னிடம் பேசவில்லை. அது எதிர்பார்த்ததுதான். உண்மையைச் சொன்னால் சில நாளைக்கு இப்படித்தான் இருக்கும் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுகூட நடந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

பிராங்கிளின் பின்னாலேயே வந்தான். தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"பெரியப்பா, நேத்து ஐயாவப் போயிப் பாத்தியளாமே?"

"பாத்தேன் தம்பி."

"எனக்கு ஒயரிங் வேல, வந்து சேர நேரமாயிட்டு. வீடு பூட்டிக் கெடக்கு. போன அடிச்சா எடுக்கல. பிள்ளைக்கு ஞானஸ்நானம் அவியதான் குடுக்கணும்னு நெனச்சிருந்தேன். அத விடுங்க, எப்படி இருக்காவன்னாவது போயிப் பாக்கணும். அப்பா அம்மா இல்ல, அவியளுக்குன்னு ஒரு வீடும் இல்ல. எங்க போறேன்னு சொன்னாவ?"

நான் நின்றுவிட்டேன். நேற்று ஒரு மணி நேரம் அவர் வீட்டில் இருந்தேன். பெட்டிகளுக்கு நடுவிலேயே முழங்காலிட்டேன். என் தப்பைச் சொன்னேன், என் மன்னிப்பை வாங்கினேன், அழுதேன், கிளம்பி வந்துவிட்டேன்.

"கேக்கலியே தம்பி" என்றேன்.

அவன் என்னைத் திட்டவில்லை. பிள்ளையின் முகத்தில் வெயில் படாமல் துண்டை இழுத்துவிட்டு, "சரி பெரியப்பா, நான் பஸ் ஸ்டாண்டுல விசாரிக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எப்சி உள்ளே முழங்காலில் இருக்கிறாள். நானும் போகிறேன். எந்த ஊரில் இருக்கிறவருக்காக ஜெபிக்கிறேன் என்று எனக்குத் தெரியாது.